ஷேனின் முகம் ஏன் மாறிவிடுகிறது?

கேள்வி: அண்ணா, ஸ்டார்ட்யூ வேலி என்ற பண்ணை விளையாட்டில் வரும் ஷேன் என்ற பாத்திரத்துக்குப் புது வசனங்கள் எழுதி, கன்டென்ட் பேட்சர் என்ற கருவி வழியாக ஒரு மாட் (விளையாட்டில் நாமே சேர்க்கும் மாற்றம்) செய்துகொண்டிருக்கிறேன். முதல் வசனப் பெட்டியில் சோகமாக இருப்பவன் அடுத்த பெட்டியில் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறான். வசனம் இதுதான்: ‘என் கோழி செத்துப்போச்சு. மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு.’ முகம் சரியாக வந்தாலும் ஏதோ மேடை நாடகம் போலத் தெரிகிறது. எங்கே தவறு? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: முதல் சிக்கல் சின்னது. முகத்தை மாற்றும் குறி, அது இருக்கிற பெட்டிக்கு மட்டும்தான் செல்லும். பேச்சை அடுத்த பெட்டிக்குத் தள்ள இரண்டு # குறிகளுக்கு நடுவே டாலர் குறியும் பி எழுத்தும் போடுகிறீர்கள் இல்லையா, அதைத் தாண்டியதுமே விளையாட்டு பழையபடி சாதாரண முகத்துக்குப் போய்விடும், அதனால் சோகம் மூன்று பெட்டிக்கு நீள வேண்டுமென்றால் மூன்றின் கடைசியிலும் டாலரும் எஸ்ஸும் எழுதியாக வேண்டும். எச் போட்டால் சிரிப்பு, ஏ கோபம், எல் காதல், யூ அந்தந்தப் பாத்திரத்துக்கென்றே வரைந்த தனி முகம். பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

இரண்டாவது அப்படி இல்லை. உங்கள் வரி சொன்னதையே முகமும் திரும்பச் சொல்கிறது, அதனால்தான் நாடகமாகத் தெரிகிறது. ஷேன் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஜோஜா மார்ட் கடையில் பிடிக்காத வேலை, அத்தை மார்னியின் வீட்டில் ஓர் அறை, சாயந்தரம் ஆனால் மதுக்கடை, யாராவது பேச வந்தால் விரட்டுகிற பேச்சு. அப்படிப்பட்டவன் மனசு கஷ்டமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வானா? ‘தீவனம் ஒரு மூட்டை மிச்சம் இருக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போ.’ இப்படி எழுதி, அதே சோக முகத்தை இதற்கு வையுங்கள். என்ன நடந்தது என்பதை விளையாடுபவரே புரிந்துகொள்வார், புரிகிற அந்த நொடியில் அவருக்கும் வலிக்கும். வசனம் மறைப்பதை முகம் காட்டட்டும். 64 பிக்சல் படத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது, நான் இதை மனப்பூர்வமாக நம்புகிறேன்.

அப்புறம், இந்த வரி எப்போது வரவேண்டும் என்பதையும் முடிவுசெய்யுங்கள். கோப்பில் திங்கள்கிழமைக்கான மூன்றெழுத்தை (Mon) மட்டும் போட்டால் முதல் வாரமே வந்துவிடும், பழகாத ஆளிடம் ஷேன் தீவனம் தருவது பொருந்தாது. அதோடு 4 என்று சேர்த்தால், நட்பை அளக்கும் இதயம் நான்கு ஆன பிறகுதான் வரும். ஓர் இதயத்துக்கு 250 புள்ளி, ஒரு நாள் பேசினால் கிடைப்பது 20, ஆக பரிசு எதுவும் கொடுக்காமல் பேச்சிலேயே நான்கு இதயம் சேர்க்க 50 நாள் ஆகும். ஒரு பருவத்துக்கு 28 நாள்தான். கிட்டத்தட்ட இரண்டு பருவம் தினமும் வந்து பேசியவருக்குக் கிடைக்கிற வரி அது, அந்தக் கனத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: வசனத்தைத் தமிழ் எழுத்திலேயே போட முடியாதா? முயன்றேன், விளையாட்டில் தெரியவில்லை. (வாசகி, மட்டக்களப்பு)

பதில்: விளையாட்டோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. 2021-இல் வந்த 1.5.5 பதிப்பிலிருந்து புது மொழியை மாட் வழியாகச் சேர்க்கலாம், எழுத்துருவையும் நாமே கொடுக்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு தடை. இந்த விளையாட்டு ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் ஒட்டி வைக்கிறது. கணினியில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு ஒற்றைக்கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது, கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்தை அமைக்கிற மென்பொருளின் வேலை, அந்த வேலையை இது செய்வதில்லை. வழி இல்லாமல் இல்லை: உயிர்மெய் ஒவ்வொன்றையும் தனிப் படமாக்கி, யாரும் பயன்படுத்தாத குறியெண் ஒன்றை அதற்குக் கொடுத்து, வசனத்தையும் அதற்கேற்ப மாற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். செய்யத் துணிந்தால் தயவுசெய்து எனக்கும் எழுதுங்கள், இந்த விளையாட்டின் ஊரான பெலிகன் டவுன் தமிழில் பேசுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. முதல் மாட் என்றால் இப்போதைக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிப் பாருங்கள்.

கேள்வி: புது முகம் நானே வரைந்து சேர்க்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: தாராளமாக. ஒரு முகம் 64க்கு 64 பிக்சல், ஒரு வரிசைக்கு இரண்டு, எண்ணிக்கை 0-இல் தொடங்கி இடமிருந்து வலமாகப் போகும். முதல் ஆறு இடங்கள் சாதாரணம், சிரிப்பு, சோகம், தனி முகம், காதல், கோபம் என்ற வரிசைக்கு உரியவை, அவற்றைத் தொடாதீர்கள். உங்கள் படத்தைக் கடைசி வரிசைக்குக் கீழே ஒட்டி, டாலர் குறியோடு அதன் எண்ணைப் போட்டால் போதும். நடுவில் நுழைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்களும் நகர்ந்து, கோப வசனத்துக்குக் காதல் முகம் வந்து நிற்கும்.