ஷேவிங்குக்கு அப்புறம் கன்னம் இழுத்துப்பிடிப்பது பற்றி

ஷேவ் செய்ததும் கன்னம் இழுத்துப்பிடிக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போடும் ஆஃப்டர் ஷேவ் லோஷனை முதலில் நிறுத்துங்கள். முகத்தைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் தடவுங்கள். கிளிசரின் உள்ளதாக இருந்தால் நல்லது, விலை உயர்ந்தது தேவையில்லை.

படிகாரம் தேய்த்து அதற்கு மேல் லோஷனும் போடுகிறீர்கள், மதியத்துக்குள் தாடையோரம் செதில் செதிலாக உரிகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் லோஷனில் உள்ள ஆல்கஹால்தான் காரணம். பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கையும் கொஞ்சம் சுரண்டிவிடுகிறது, அந்த இடத்தில் ஆல்கஹால் பட்டால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விடும். சுரீரென்று எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று சலூனில் பழக்கிவிட்டார்கள் (நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன்). படிகாரம் சின்ன வெட்டில் ரத்தத்தை நிறுத்தச் சரி, முகம் முழுக்க வேண்டாம்.

சந்தேகமிருந்தால் ஒரு வாரம் வலது கன்னத்தில் மட்டும் இப்படிச் செய்து பாருங்கள், இடது பக்கம் பழையபடியே இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உரிந்தால் மழுங்கின பிளேடையோ ஷேவிங் கிரீமையோ சந்தேகப்படலாம்.

தேங்காய் எண்ணெய் சிலருக்கு ஒத்துப்போகும், பரு வரும் முகமென்றால் வேண்டாம். சீழ் வைத்த கொப்புளங்கள் வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கிரீம் வாங்கிப் பூசாதீர்கள்.