கட்டி வற்றியதை நம்பாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. தொண்டை நோ வந்த பிறகு தாடைக்குக் கீழே நெறி கட்டியது. நகங்களில் வெள்ளைப் புள்ளிகள், நாக்கின் பின்பகுதியில் பருக்கள் தெரிகின்றன. காறை எலும்புக்கு மேலேயும் நோ இல்லாமல் சிறிதாக ஒன்று தட்டுப்பட்டது. பி.சி.எல்.-2 என்ற புரதம் கூடினால் புற்றுநோய் என்று இணையத்தில் படித்தேன். கணவருக்கு முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமாவுக்கு) தந்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையை ஐந்து நாள் கொடுத்தோம். இரண்டும் வற்றிவிட்டன. தொடரலாமா?
– ஒரு தாய், நிலாவெளி

பதில்: தொடரக் கூடாது, இன்றே நிறுத்துங்கள். ஐந்து நாள்தான் என்பதால் நிறுத்துவதில் ஆபத்தில்லை. (வாரக்கணக்கில் விழுங்குகிறவர்கள்தான் சடுதியாக நிறுத்தக் கூடாது.)

நகப்புள்ளி ஒன்றுமில்லை. நாக்கின் பின்னால் உள்ள பருக்கள் எல்லோருக்கும் உண்டு. டோர்ச் அடித்துப் பார்ப்பவர்களுக்குத்தான் அவை தெரியும். தாடைக்குக் கீழே கட்டியதும் தொண்டைக் கிருமியின் வேலையாகத்தான் இருக்கும். கிருமி வந்ததும் இன்டர்லூக்கின்-2 போன்ற புரதங்கள் "பெருகு" என்று சொல்ல, அதற்கேற்ற வெள்ளணுக்கள் பெருகி நெறி வீங்குகிறது. கிருமி போனதும் அந்தச் சொல் நிற்கிறது. பிம், ஃபாஸ் என்ற வேறு புரதங்கள் மிஞ்சிய அணுக்களைச் சாக வைக்கின்றன. சில வாரங்களில் நெறி தானாகவே சிறுக்கும்.

நீங்கள் படித்த பி.சி.எல்.-2 இந்தச் சாவைத் தடுக்கும் புரதம். 1988இல் மெல்பர்னில் ஆய்வாளர்கள் டேவிட் வோ, சூசன் கோரி, ஜெரி அடம்ஸ் ஆகியோர் இதைக் காட்டினார்கள். அது உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இருக்கிறது. இல்லாவிட்டால் நல்ல வெள்ளணுக்களே நிலைக்காது. இரு குரோமோசோம்கள் துண்டு மாறிக்கொண்டு அது அளவு மீறி உண்டாகும் லிம்ஃபோமா (நெறிகளில் வரும் புற்றுநோய்) பெரும்பாலும் வயதானவர்களின் நோய். உங்கள் மகளின் கழுத்தைப் பார்த்து யாரும் எழுதிய கட்டுரை அல்ல அது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்துகிறது. காறை எலும்புக்கு மேலே நோவில்லாமல் வரும் கட்டியைத் தொண்டை நோவின் கணக்கில் எழுத முடியாது. அந்த இடத்து நெறி நெஞ்சுக்குள் நடப்பதைக் காட்டக்கூடியது. காசநோயாக இருக்கலாம், லிம்ஃபோமாவாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். சோதிக்காமல் சொல்ல முடியாது.

அந்தச் சோதனையைத்தான் குளிசை கெடுத்துவிடுகிறது. பிரெட்னிசொலோன் வெள்ளணுக்களுக்குள் பிம் புரதத்தைக் கூட்டி அவற்றைச் சாகடிக்கும். நல்லது, கெட்டது என்று பாராது. அதனால்தான் லிம்ஃபோமாவுக்கான மருந்துகளிலேயே அதுவும் ஒன்று. ஆகவே கட்டி வற்றியது எதற்கும் சான்றல்ல. சில நாள் குளிசைக்குப் பிறகு சோதிக்க நெறியிலிருந்து எடுத்த துண்டில் நோயணுக்கள் இறந்து கிடக்க, நோயின் பெயரைச் சொல்ல முடியாமல் ஆய்வகம் திணறலாம். காசநோயாக இருந்தாலோ கிருமிக்கு வழிவிட்டதாகிவிடும். வீட்டு அலுமாரியில் மிஞ்சிய குளிசையை எடுத்து ஏன்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களோ!

கட்டி இப்போது கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் இந்த வாரமே மகளைத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் முதலில் தேவை. கட்டி மீண்டும் எழும்பினால் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதோடு விடாமல், முழு நெறியையும் எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கலாம். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு எழுதிவிடுவார்களோ என்று பயந்து நாளைக் கடத்த வேண்டாம். இந்த வயதில் வரும் ஹொட்ஜ்கின் லிம்ஃபோமா பெரும்பாலும் குணமாகும் நோய். நெறிக் காசநோய்க்கும் வழக்கமாக ஆறு மாத மருந்து போதும்.

குளிசை அட்டையையும் கொண்டுபோய், எத்தனை, எத்தனை நாள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். இரவில் உடுப்பு நனைய வியர்க்கிறதா, உடம்பு மெலிகிறதா என்று கேட்பார்கள். மகளே பதில் சொல்லட்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, முகம் வீங்குகிறது என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.