ஜெட்டை மாற்றுவதற்கு முன்
வாசகர் கேள்வி – பதில்: இருசக்கர வாகனம்

கேள்வி: என்னிடம் இருப்பது 2014 மாடல், கார்புரேட்டர் பொருத்திய 350 சிசி ஒற்றை சிலிண்டர் பைக். சைலன்சரை மாற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் போட்டேன். அதன்பின் ஆக்சிலேட்டரைப் பாதி திருகும்போது வண்டி திணறிக் குலுங்குகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. ஐடிலிங்கும் உடனே இறங்காமல் சற்று நேரம் ஏறியே நிற்கிறது. மெக்கானிக் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகு) இரண்டு அளவு பெரிதாக்கினார். திணறல் போகவில்லை, பிளக்தான் கறுத்தது. இன்னும் பெரிய ஜெட் போடலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். ஆக்சிலேட்டர் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் திறந்த பிறகே மெயின் ஜெட்டின் அளவு முழுமையாகப் பேசத் தொடங்கும். கால் முதல் முக்கால் வரையிலான திறப்பில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பவை நீடில் என்னும் கூர்ந்த ஊசியும், அது ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும். ஐடிலிங்கிலும் அதையடுத்த சிறு திறப்பிலும் பைலட் ஜெட்டும், கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவும். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் ஒன்றுகூட முழுத் திறப்பில் வருவதில்லை. ஐடிலிங் இறங்க மறுப்பதும் சைலன்சர் வெடிப்பதும், சிறு திறப்பில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருப்பதற்கான வழக்கமான அடையாளங்கள். ஆகவே பெரிய ஜெட்டால் கீழே இருந்த பற்றாக்குறை அப்படியே நிற்க, மேலே மட்டும் பெட்ரோல் மிகுந்து பிளக் கறுத்திருக்கிறது.

குறையை வேகத்தால் குறிப்பிடாமல் ஆக்சிலேட்டரின் திறப்பால் குறிப்பிடப் பழகுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது சமவெளியில் கால் திறப்பாக இருக்கலாம். பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போது அதே வேகத்துக்கு முக்கால் திறப்பு தேவைப்படலாம். கைப்பிடியிலும் அதையொட்டிய சுவிட்ச் பெட்டியிலும் வெள்ளை டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால் என்று கோடிட்டுக்கொண்டால் எந்த இடத்தில் திணறுகிறது என்பது ஐயமின்றித் தெரியும். உங்கள் வண்டியில் இருப்பது டயாப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) வகைக் கார்புரேட்டராக இருந்தால் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும்: அதில் நீடிலைத் தூக்குவது உங்கள் கை அல்ல, எஞ்சின் இழுக்கும் வெற்றிடம். கூம்பு ஃபில்டரின் ரப்பர் வாய், கார்புரேட்டரின் முகப்பில் உள்ள சிறு காற்றுத் துளைகளை மறைத்தாலோ, டயாப்ரத்தில் கீறல் இருந்தாலோ நீடிலைத் தாங்கும் ஸ்லைடு ஒழுங்காக ஏறாது. நீங்கள் விவரிக்கும் பாதித் திறப்புத் திணறல் அப்படியே வரும். இதை எந்த ஜெட்டாலும் தீர்க்க முடியாது.

எனவே முதலில் தேட வேண்டியது கணக்கில் வராத காற்று. ஃபில்டர் பெட்டி இருந்தவரை அது கார்புரேட்டரைப் பின்பக்கம் தாங்கிக்கொண்டிருந்தது. பெட்டி போனதும் முழுப் பாரமும் எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டின் மேல் தொங்குகிறது. பெரிய ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் அந்த ரப்பர் வெடிக்க நாளாகாது. எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்றுக் கசிகிறது. கார்புரேட்டர் கிளீனர் இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால் சூடான சைலன்சர் குழாயருகே அது தீப்பிடிக்கும் என்பதால் அனுபவமுள்ளவர் கையில் மட்டும் இருக்கட்டும். சைலன்சரை மாற்றியபோது சிலிண்டர் ஹெட் வாயில் பழைய கேஸ்கெட்டையே போட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். அந்த இடுக்கில் உள்ளே இழுக்கப்படும் காற்றும் வெடிச் சத்தத்துக்குக் காரணமாகும்.

அடுத்தது பெட்ரோல் வரத்து. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, சூடான பாகங்களிலிருந்து தள்ளி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள். டேங்க் மூடி மூடியிருக்கும்போது வரத்து மெலிந்து, திறந்ததும் பெருகினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் மட்டம் சரியாக உள்ளதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

இவை முடிந்ததும் என் யோசனை, பழைய ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டி, மெயின் ஜெட்டையும் பழைய அளவுக்கே கொண்டுவருவது. பெட்டிக்குள் அமைதியாக நிற்கும் காற்றை நம்பித்தான் டயாப்ரம் கார்புரேட்டர் வடிவமைக்கப்பட்டிருக்கிறது; கூம்பு ஃபில்டரால் கிடைப்பது பெரும்பாலும் உறிஞ்சும் சத்தம்தான். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடானதும் மிக்சர் ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகப் பெட்ரோல் கூடும். ஐடிலிங் மிகச் சீராகும் இடம் மூன்று சுற்றுக்கும் அப்பால் போனால் பைலட் ஜெட் ஓரளவு பெரிதாக வேண்டும்.

பாதித் திறப்பில் அதன் பிறகும் திணறல் இருந்தால், ஆளரவமற்ற சாலையில் அதே திறப்பில் ஓட்டியபடி கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள். வண்டி தேறினால் பெட்ரோல் போதவில்லை, நீடிலை உயர்த்த வேண்டும். நீடிலைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கீழ்க் காடிக்கு மாற்றினால் நீடில் உயரும். ஒரே காடி உள்ள நீடிலுக்கு அரை மில்லிமீட்டர் வாஷர் போதும். சோக் இழுத்ததும் மோசமானால் நீடிலை இறக்குங்கள். மெயின் ஜெட் கடைசியில்தான். முழுத் திறப்பிலிருந்து ஆக்சிலேட்டரை மிகச் சிறிது விடும்போது வண்டி சற்று வேகம் பிடித்தால் ஜெட் சிறிது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து குறித்துவைக்காவிட்டால் இத்தனை உழைப்பும் வீண்.

இந்தச் சோதனைகளுக்கு ஆரல்வாய்மொழிச் சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் போகும்போது ஒரு வண்டியும் திரும்பும்போது வேறு வண்டியும் ஓட்டியதுபோல் இருக்கும். பெட்ரோலும் முன்புபோல் இல்லை, இப்போது எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குச் சரியான காற்று–எரிபொருள் விகிதம் எடையளவில் 14.7:1, 20 சதவீத எத்தனால் கலவைக்கு அது சுமார் 13.5:1. அதாவது அதே ஜெட்டில், பழைய வண்டி முன்பைவிடக் காற்று மிகுந்தே ஓடுகிறது. இது மட்டுமே உங்கள் திணறலுக்குக் காரணமாகாது. இருக்கும் குறையைப் பெரிதாக்கிக் காட்டும்.

சைலன்சரைப் பற்றியும் ஒரு சொல்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது, 182ஏ பிரிவின்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கேள்வி: வளைகுடாவில் வேலை செய்கிறேன். எக்ஸ்பான்ஷன் சைலன்சர் போட்ட என் ஆர்எக்ஸ் 100 ஓராண்டாக வீட்டுக் கொட்டகையில் நின்றது. இப்போது சோக் போட்டால்தான் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது.
– வாசகர், குளச்சல்

பதில்: பைலட் ஜெட்டில் பழைய பெட்ரோலின் பிசின் அடைத்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். டேங்கையும் ஃப்ளோட் அறையையும் முழுவதும் வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. கடற்கரைக் காற்றில் நெடுநாள் நின்ற டேங்கில் தண்ணீர் அடியில் தங்கியிருக்கக்கூடும். ஜெட்டைக் கம்பியால் குத்தாமல், கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இந்தக் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கிறது. வெளியே திருகினால் காற்றுதான் கூடும், மேலே சொன்ன வண்டிக்கு நேரெதிர். சுத்தம் செய்தும் குறை தொடர்ந்தால் கிராங்க் ஆயில் சீல்களைப் பாருங்கள், அவை தேய்ந்திருந்தால் அவ்வழியே காற்று உள்ளே வரும். அதுவரை நெடுஞ்சாலையில் விரட்ட வேண்டாம், டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும்.

கேள்வி: பொன்முடி ஏறும்போது என் கார்புரேட்டர் பைக் மந்தமாகிறது. ஜெட் மாற்ற வேண்டுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: தேவையில்லை. சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. இழுவை இறங்குவதற்கு அதுவே முதற்காரணம். கலவையில் பெட்ரோல் மிகுவது சுமார் 5 சதவீதம்தான், கீழே இறங்கியதும் சரியாகிவிடும். சமவெளியிலும் கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.