என்ஃபீல்டு நம்பர் 2: சுத்தியலில் வால் இல்லையே?

இந்த பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வரில் தோட்டாவை அடிக்கும் சுத்தியலின் வால் உடைந்துபோகவில்லை. 1938-இல் வந்த 'மார்க் 1 நட்சத்திரம்' (Mk I*) வகைக்குக் கட்டைவிரலால் இழுக்கும் அந்த வாலே கிடையாது. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது எதிலாவது மாட்டிக்கொள்ளும் என்று எடுத்துவிட்டார்கள். விசையை முழுக்க இழுத்தால்தான் சுத்தியல் எழும்பி விழும். இழுப்பு கனமாகத்தான் இருக்கும்.

முதலில் குழலை மடக்கித் திறந்து, ஆறு தோட்டா அறையும் காலியா என்று பாருங்கள். பிறகு சட்டத்தின் வலப்பக்கம், சுத்தியலுக்குக் கீழுள்ள முத்திரையில் நட்சத்திரத்தைத் தேடுங்கள். ஆண்டு 1938-க்கு முந்தையதாக இருந்தாலும் குழம்ப வேண்டாம். பழைய மார்க் 1-களையும் பின்னால் இப்படி மாற்றினார்கள்.

இரட்டை நட்சத்திரம் (Mk I**) என்றால் கவனம். 1942-இல் உற்பத்தி அவசரத்தில் சுத்தியலின் பாதுகாப்புத் தடுப்பையே விட்டுவிட்டார்கள். குண்டோடு கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். போருக்குப் பின் பலவற்றில் தடுப்பைத் திரும்பப் பொருத்தினாலும், முத்திரையை மட்டும் நம்பாதீர்கள்.