ஒரே ஒருவர் வாழும் ஊர் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வட எல்லையை ஒட்டி இருக்கும் மொனொவை. ஒமாஹாவில் வேலை பார்த்தபோது ஒருமுறை காரில் போய்வந்தேன். நெடுஞ்சாலை ஓரத்துப் பச்சைப் பலகையில் ஊர்ப் பெயர், பக்கத்திலேயே மக்கள்தொகை: 1.

ரயில் பாதை வந்ததை ஒட்டி, 1900-களின் தொடக்கத்தில் உருவான ஊர் இது. 1930-களில் சுமார் 150 பேர் இருந்திருக்கிறார்கள். மளிகைக் கடைகள், பள்ளி, சர்ச் எல்லாம் இருந்தன. அப்புறம் டிராக்டர் வந்து ஆள் தேவை குறைந்தது, சின்ன நிலங்கள் பெரிய பண்ணைகளோடு சேர்ந்தன, பிள்ளைகள் பிழைப்பு தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். சர்ச்சில் கடைசியாக நடந்த இறுதிச் சடங்கு 1960-ல், இன்று ஊரின் ஒரே குடியான எல்சி ஐலரின் அப்பாவுக்கு. 1974-ல் பள்ளியும் மூடியது. 2000 கணக்கெடுப்பில் எல்சியும் கணவர் ரூடியும் மட்டும். 2004-ல் ரூடி இறந்தார்.

பலரும் இதை வேடிக்கைச் செய்தியாகத்தான் பகிர்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேயர், கிளார்க், பொருளாளர் மூன்றும் எல்சிதான். தன் மதுக்கடைக்கான உரிமத்துக்குத் தானே விண்ணப்பித்து, தானே அனுமதி கொடுத்தார். தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் தன்னிடமே வரி வசூலித்தார். நாலே நாலு விளக்குகள்தான், ஆனாலும் மாநில நிதி வரவேண்டுமானால் வருடா வருடம் சாலைத் திட்டம் எழுதி அனுப்பியாக வேண்டும். இப்படி ஊர் வேலைகளையெல்லாம் ஒருவர் சலிக்காமல் செய்ததால்தான் மொனொவை இன்னும் ஊராகவே நிற்கிறது.

தனிமைதானே என்று நினைக்கலாம். அதுவும் இல்லை. 1971-லிருந்து எல்சி நடத்திய அந்த மதுக்கடைக்கு, சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் பல மைல் தாண்டி வந்து பர்கர் சாப்பிட்டுவிட்டுக் கதை பேசிவிட்டுப் போவார்கள்.

2020 கணக்கெடுப்பு மொனொவையில் 2 பேர் என்றது. தனிநபர் விவரம் வெளியே தெரியாமல் இருக்க, கணக்கெடுப்புத் துறை சிற்றூர் எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி வெளியிடுகிறது. எல்சியோ, அந்த இன்னொருவர் யார் என்று தனக்கே தெரியாது என்றார்.

மதுக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கொட்டகை இருக்கிறது. 'ரூடியின் நூலகம்' என்று பலகை. ரூடி வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் 5,000 புத்தகங்களை ஊருக்கென்று வைக்க ஆசைப்பட்டார், முடிக்குமுன் போய்விட்டார். குடும்பத்தார் சேர்ந்து அதைக் கட்டி முடித்தார்கள். அங்கே நூலகரும் எல்சிதான்.