சண்டை போடுகிற குழுவைக் கலைத்துவிடட்டுமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். ஊர் ஊராகப் போய் நெல் எடுப்பவர்கள் ஒரு கோஷ்டி, மில்லில் காய வைத்து அரைப்பவர்கள் இன்னொரு கோஷ்டி. பூங்கார், கருங்குறுவை அரிசியைப் பாக்கெட் போட்டுப் பொங்கலுக்குள் கடைக்கு அனுப்ப, இரண்டு பக்கமும் மும்மூன்று பேரை எடுத்து ஒரு குழு அமைத்தேன். கெடு பத்து வாரம். முதல் வாரம் அமைதியாகப் போனது. இப்போது மூன்றாவது வாரம், தினமும் சண்டை. ஈர நெல்லை ஏற்றிவிடுகிறார்கள் என்று மில்காரர்களும், மழையில் நனைந்துகொண்டு நெல் எடுப்பது நாங்கள்தானே என்று கொள்முதல்காரர்களும் மாறி மாறி எனக்குப் போன் போடுகிறார்கள். சேர்ந்து சாப்பிட வைத்துப் பார்த்தேன். இரண்டு பந்தியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். வேகமாக வேலை செய்யும் பையன் ஒருவனையும் கேலி பேசியே அடக்கிவிட்டார்கள். குழுவைக் கலைத்துவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

கலைக்காதீர்கள். மூன்றாவது வாரத்துச் சண்டை பெரும்பாலான குழுக்களில் வருவதுதான். புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-இல் சிறு குழுக்களைப் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அவை நான்கு கட்டங்களைக் கடப்பதாக எழுதினார். கூடுவது, மோதுவது, தங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்வது, அப்புறம் வேலையில் முழுசாக இறங்குவது. முதல் வாரம் உங்கள் ஆட்கள் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் மனதில் இருப்பதைப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். டக்மன் பார்த்த ஆய்வுகளில் நிறைய, சிகிச்சைக்காகவும் பயிற்சிக்காகவும் கூடிய குழுக்களைப் பற்றியவை. அதனால் இந்த வரிசையைக் காலண்டர் மாதிரி எடுத்துக்கொண்டு, நாலாவது வாரம் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

சேர்ந்து சாப்பிட வைத்தது ஏன் பலிக்கவில்லை என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். 1954-இல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஒரு முகாமுக்கு 22 சிறுவர்களை அழைத்துப்போய், இரண்டு குழுவாகப் பிரித்துப் பரிசுப் போட்டிகள் வைத்தார். பகை முற்றியது. சமாதானத்துக்காக ஒரே இடத்தில் சாப்பிட வைத்தபோது, சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். பிறகு முகாமுக்குத் தண்ணீர் வருவது நின்றுபோக, எல்லாரும் சேர்ந்து தேடித்தான் அடைப்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதுபோல இன்னும் சில வேலைகள் சேர்ந்து செய்த பிறகுதான் பகை தணிந்தது. போட்டியையும் தண்ணீர்ச் சிக்கலையும் பெரியவர்களே திட்டமிட்டு உண்டாக்கினார்கள் என்பதால் அந்த ஆய்வின் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அதில் தெரிந்த விஷயம் நம் ஊருக்கும் பொருந்துகிறது. குறுவை நடவில் நாற்றுப் பறிப்பவர்களும் நடுகிற பெண்களும் எவ்வளவு ஏசிக்கொண்டாலும், நாற்றுக் கட்டு வந்து விழாவிட்டால் நடவு நின்றுவிடும். அதனால் சண்டை அந்த வரப்பிலேயே தீர்ந்துவிடும், பண்ணைக்காரர் வரை போகாது.

உங்கள் ஆட்களின் சண்டை ஏன் தீராமல் உங்கள் போனுக்கு வருகிறது? அவர்களுடைய குணம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கொள்முதல்காரருக்கு எத்தனை மூட்டை எடுத்தார் என்பதை வைத்துப் பாராட்டு. மில்காரருக்கு எவ்வளவு அரிசி தேறியது என்பதை வைத்துப் பாராட்டு. அநேகமாக இப்படித்தான் நீங்களும் கணக்குப் பார்க்கிறீர்கள். அப்படியானால் ஐப்பசி மழையில் நனைந்த மூட்டை ஒருவருக்கு வரவு, இன்னொருவருக்கு நஷ்டம். ஒரே குழு என்று பெயர் வைத்தாலும், வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போடும் தலைமடைக்காரரும் கடைமடைக்காரருமாகத்தான் நிற்பார்கள்.

முதலில் இந்த ஆறு பேருக்கும் ஒரே கணக்கு வையுங்கள். தரமாகப் பாக்கெட்டில் ஏறிய அரிசி எத்தனை கிலோ என்பதுதான் அந்தக் கணக்கு. ஊக்கத்தொகை கொடுப்பதாக இருந்தால் அதை வைத்து ஆறு பேருக்கும் பொதுவாகக் கொடுங்கள். அடுத்தது ஈரப்பதம். அரசு கொள்முதலில் 17 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் வரம்பு என்ன, அதைத் தாண்டிய நெல்லை யார் எந்தக் களத்தில் காய வைப்பது, காய்ந்து குறைகிற எடை யார் கணக்கில் போகும் என்பதை அவர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். முடிவை ஒரு தாளில் எழுதி, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு, மில் சுவரில் ஒட்டட்டும். நெல் எடுக்கிற இடத்தில், விவசாயி கண் முன்னாலேயே, இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் நின்று ஒரே ஈரப்பத மீட்டரில் அளக்கட்டும். எடுத்த நெல்லுக்கு அப்புறம் இருவரும் பொறுப்பு.

அந்தப் பையன் விஷயத்தில் அவசரப்பட்டு யாரையும் கண்டிக்காதீர்கள். சிகாகோ அருகே ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1931-32-இல் ஒரே அறையில் வேலை பார்த்த 14 பேரைக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வேலை என்று தங்களுக்குள்ளேயே ஒரு அளவு வைத்திருந்தார்கள். யாராவது மிஞ்சினால் கேலி, சில சமயம் புஜத்தில் ஒரு குத்து. அதிகம் செய்துகாட்டினால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைத்துவிடும், ஆட்களைக் குறைத்துவிடும் என்ற பயமும் அவர்களிடம் இருந்தது. உங்கள் பெரியவர்களுக்கும் அந்தப் பயம் இருக்கலாம். பையன் வேகமாகப் பாக்கெட் போடுவதால் யாருடைய வேலையும் போகாது என்று அவர்களிடம் நேரில், தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

பத்து வாரக் கெடுவில் ஐந்தாவது வாரத்தைக் குறித்து வையுங்கள். எட்டுக் குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்த கானி கெர்சிக் என்ற ஆய்வாளர், ஏறக்குறையப் பாதிக் கெடு வந்ததும் அவை பழைய போக்கை விட்டு வேலையை மாற்றிப் பிடித்ததை 1988-இல் எழுதினார். அந்த வாரம் ஒரு முழு நாள் ஒதுக்கி, ஆறு பேரையும் களத்தில் உட்கார வைத்து, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று கேளுங்கள். அதற்கு முன்னால், அட்டியாக அடுக்கி வைத்த ஈர நெல் சூடேறிக் கறுத்துப்போய் மில்லில் பிரிபடுகிற அன்றைக்கு, கொள்முதல் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். மில்காரர் ஒருவரை மழை நாளில் டாட்டா ஏஸில் ஏற்றி ஊருக்கு அனுப்புங்கள். நனைந்த நெல்லோடு விவசாயி கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை அவரும் பார்க்கட்டும்.

இன்று இரவும் போன் வரும். எடுங்கள். "நாளைக் காலையில் மற்றவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணே, மூன்று பேரும் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பேசுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள்.