குர்குமின் நானோ இழை: மணியும் மஞ்சள் துகளும் ஏன் வருகின்றன?

கேள்வி: எத்தனாலில் பிவிபி (பாலிவினைல்பிரோலிடோன்) கே-30 பாலிமரை 10% கரைத்து, மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் சேர்த்து மின்நூற்பு (உயர் மின்னழுத்தத்தால் கரைசலை நுண்ணிழையாக இழுப்பது) செய்கிறேன். இழையெங்கும் மணி மணியாக இருக்கிறது. ஒரு வாரத்தில் இழைப்பாயின் மேல் மஞ்சள் துகள் தெரிகிறது. தண்ணீரில் போட்டால் முழுதாகக் கரைவதில்லை. எப்படிச் சரிசெய்வது?

பதில்: மணியும் துகளும் வேறு வேறு கோளாறுகள். மணிக்குக் காரணம் பாலிமர். துகளுக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்.

கே-30இன் சங்கிலிகள் குட்டையானவை. 10% கரைசலில் அவை போதுமான அளவு பின்னிக்கொள்வதில்லை. ஊசியிலிருந்து கிளம்பும் கரைசல் தாரை நீளும்போது பரப்பு இழுவிசை அதைத் துளிகளாகத் திரட்டிவிடும். வோல்ட்டை ஏற்றிப் பயனில்லை, நீண்ட சங்கிலிகள் கொண்ட கே-90 வகைப் பிவிபிக்கு மாறுங்கள்.

10 மில்லி எத்தனாலில் முதலில் 50 மில்லிகிராம் குர்குமினைக் கரையுங்கள். கசடில்லாமல் தெளிந்த பிறகே 1 கிராம் கே-90ஐச் சிறிது சிறிதாகத் தூவி, மூடிவைத்துச் சில மணி நேரம் கலக்குங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டி, நடுவில் மாவாகவே நிற்கும். உலர்ந்த இழையில் குர்குமின் ஏறத்தாழ 5% இருக்கும்.

தொடக்கத்துக்கு 22 கேஜ் மழுங்கிய ஊசி, ஒரு மணி நேரத்துக்கு 0.5 முதல் 1 மில்லி கரைசல், 15 செ.மீ. தூரம், 12 முதல் 15 கிலோவோல்ட் வைத்துப் பாருங்கள். ஊசி முனையில் துளி கூம்பாகி, அதன் நுனியிலிருந்து ஒரே தாரை நிலையாகப் புறப்பட வேண்டும். சொட்டினால் பம்ப்பின் வேகத்தைக் குறையுங்கள். கூம்பு ஊசிக்குள் வாங்கிக்கொண்டால் வோல்ட்டைக் குறையுங்கள். எத்தனால் சீக்கிரம் ஆவியாவதால் முனையில் மஞ்சள் மீசைபோல் காய்ந்து அடைக்கும். மின்சாரத்தை நிறுத்தி, ஊசியைத் தரையிணைப்புக் கம்பியால் தொட்டு மின்னிறக்கம் செய்த பிறகே துடைக்க வேண்டும். எத்தனால் ஆவி தீப்பற்றக்கூடியது. ஆவி வெளியேறக் காற்றோட்டம் கட்டாயம்.

அடுத்தது துகளும் தண்ணீரில் கரையாமையும். இழை மெல்லியது என்பதால் மட்டும் குர்குமின் கரைந்துவிடாது. பிவிபி அதை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்து, படிகமாக விடாமல் வைத்திருப்பதுதான் முக்கியம். பிவிபியோ ஈரத்தை உறிஞ்சி இளகும். இளகியதும் குர்குமின் மூலக்கூறுகள் நகர்ந்து ஒன்றுசேர்ந்து படிகமாகும். நூற்கும்போது காற்றின் ஈரப்பதம் 40%க்குக் கீழ் இருக்கட்டும். பிறகு வெற்றிட உலர்த்தியில் 40 டிகிரியில் ஓரிரவு வைத்து, சிலிக்கா ஜெல்லோடு, வெளிச்சம் புகாத உறையில் மூடி வையுங்கள். குர்குமின் ஒளியிலும் சிதையும்.

படிகம் வந்துவிட்டதா என்று பார்க்க, குறுக்காக வைத்த இரு முனைவாக்கித் (போலரைசர்) தகடுகளுக்கிடையே நுண்ணோக்கியில் இழையைப் பாருங்கள். படிகம் இருட்டில் பளிச்சென்று ஒளிரும். எக்ஸ்-கதிர்ச் சிதறலில் கூர்முகடு தெரியும். வெப்பப் பகுப்பாய்வை (சூடாக்கி, உருகுவதை அளக்கும் சோதனை) மட்டும் நம்ப வேண்டாம். சூடாக்கும்போதே குர்குமின் பிவிபிக்குள் கரைந்து, உருகுமுகடு மறைந்துபோகலாம்.

கரைசோதனையை அமில ஊடகத்தில் செய்யுங்கள். காரத்தில் குர்குமின் விரைவில் சிதைந்து, கரையவில்லை என்ற தோற்றம் தரும். 5, 15, 30, 60 நிமிடங்களில் வடிகட்டி, கரைந்த குர்குமினை அளவெடுங்கள். அளவு ஏறிப் பிறகு இறங்கினால், கரைந்தது மீண்டும் படிகிறது என்று பொருள். அப்போது 50க்குப் பதில் 30 மில்லிகிராம் குர்குமினோடு மறுபடி நூற்றுப் பாருங்கள்.